கிறிஸ்டோபர் கிராடக்

சர் கிறிஸ்டோபர் ஜார்ஜ் பிரான்சிஸ் மாரிஸ் கிராடக் (ஜூலை 2, 1862 – நவம்பர் 1, 1914) பிரித்தானிய அரச கடற்படையில் ரியர் அட்மிரலாகப் பணியாற்றியவர். முதலாம் உலகப் போரின் தொடக்க மாதங்களில் தென் அமெரிக்கக் கடற்பகுதிகளில் பிரித்தானியக் கப்பற்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். சிலி நாட்டின் கரைக்கு அப்பால் நடைபெற்ற கொரோனல் சண்டையில் தம்மினும் வலிமை மிக்க செருமானியக் கப்பற்பிரிவைத் தாக்கி, தம் கொடிக்கப்பலான குட் ஹோப்புடனும் அதிலிருந்த அனைவருடனும் உயிரிழந்தார். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பிரித்தானியக் கடற்படை அடைந்த முதல் பெருந்தோல்வி இது. தோல்வி உறுதி என்று தெரிந்த சண்டையை அவர் ஏன் தொடங்கினார் என்பதும், பொறுப்பு அவருடையதா அல்லது இலண்டனிலிருந்து கட்டளையிட்டவர்களுடையதா என்பதும் வரலாற்றாளரிடையே நெடுங்காலம் வாதிக்கப்பட்டு வந்துள்ளன.

இளமையும் தொடக்கப் பணியும்

கிராடக் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மாவட்டத்தில் ரிச்மண்ட் நகருக்கு அண்மையிலுள்ள ஹார்ட்ஃபோர்த் என்னும் ஊரில், நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் நான்காவது மகனாகப் பிறந்தார். அக்கால வழக்கப்படி குடும்பச் சொத்து மூத்த மகனுக்கே செல்லும். இளைய மக்கள் படையிலோ திருச்சபையிலோ சேர்வர். கிராடக் 1875 ஆம் ஆண்டு சனவரியில், தமது பன்னிரண்டாம் அகவையில், பிரித்தானியா என்ற பயிற்சிக் கப்பலில் மாணவராகச் சேர்ந்தார். மறு ஆண்டின் இறுதியில் மிட்ஷிப்மன் நிலையை அடைந்து நடுநிலக் கடலுக்கு அனுப்பப்பட்டார். 1878 இல் பிரித்தானியா சைப்பிரஸ் தீவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது அவர் அங்கிருந்தார்.

அவர் பணியேற்ற கடற்படை பாய்மரத்திலிருந்து நீராவிக்கும், மரத்திலிருந்து இரும்புக்கும் மாறிக்கொண்டிருந்தது. பயிற்சியோ இன்னும் பாய்மரக் காலத்துப் பயிற்சியாகவே இருந்தது. பீரங்கி, நீர்மூழ்கிக்குண்டு போன்ற தனித்துறைகளில் தேர்ச்சி பெற்றவர்களே பின்னாளில் உயர்பதவிகளை எளிதில் எட்டினர். கிராடக் அத்தகைய தனித்துறை எதிலும் சேராமல் பொதுவான கப்பலோட்டும் கலையிலேயே வளர்ந்தவர். 1894 இல் இளம் அலுவலர்களுக்காகக் கப்பலோட்டும் நுணுக்கங்கள் குறித்து ஒரு நூல் எழுதினார். அதற்கு முன் 1889 இல் கீழை நாடுகளில் வேட்டையாடியது பற்றி ஒரு நூலையும், பின்னர் 1907 இல் கடற்படை வாழ்க்கை குறித்த அறிவுரைகள் அடங்கிய 'விஸ்பர்ஸ் ஃப்ரம் தி ஃப்ளீட்' என்ற நூலையும் வெளியிட்டார். மூன்றிலும் போர்த்தந்திரத்தைவிட ஒழுங்கு, உடை, படகு கையாளுதல், வேட்டை போன்றவற்றுக்கே முதன்மை தரப்பட்டிருப்பது அவரது இயல்பைக் காட்டுகிறது.

1891 இல் சூடானின் டோக்கர் பகுதியில் நடந்த படை நடவடிக்கையில் பங்குகொண்டார். அதற்காக உதுமானியரின் மெஜிதியே விருது அவருக்கு வழங்கப்பட்டது. பின்னர் விக்டோரியா அரசியாரின் அரச உல்லாசக் கப்பலிலும் பணியாற்றினார். அரச குடும்பத்தினருடன் அங்கு ஏற்பட்ட பழக்கம் அவரது வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

சீனாவில்

1900 ஆம் ஆண்டில் சீனாவில் பாக்சர் கிளர்ச்சி வெடித்தபோது கிராடக் அலாக்ரிட்டி என்ற சிறிய கப்பலின் தலைவராக இருந்தார். பீக்கிங் நகரில் வெளிநாட்டுத் தூதரகங்கள் முற்றுகையிடப்பட்டன. கடலிலிருந்து தியான்ஜின் வழியாகப் பீக்கிங் செல்லும் ஆற்றின் முகத்தில் டாகு கோட்டைகள் இருந்தன. 1900 சூன் 17 அன்று பல நாட்டுப் படைகள் இக்கோட்டைகளைத் தாக்கிக் கைப்பற்றின. தரையிறங்கிய பிரித்தானிய மாலுமிகளுக்குக் கிராடக் தலைமை தாங்கினார். தொடர்ந்து தியான்ஜின் மீட்பு நடவடிக்கைகளிலும் பங்குபெற்றார். அச்சண்டைகளில் செருமானிய மாலுமிகள் பிரித்தானியருடன் தோளோடு தோள் நின்று போரிட்டனர் என்பதும், கிராடக்கிற்குப் பிரஷ்ய அரசு வாள்களுடன் கூடிய மணிமுடி விருதை வழங்கியது என்பதும் பின்னர் நடந்தவற்றை எண்ணும்போது குறிப்பிடத்தக்கவை. பிரித்தானிய அரசு அவரை 1901 இல் கேப்டன் நிலைக்கு உயர்த்தியது.

அடுத்த பத்தாண்டுகளில் ஆண்ட்ரோமெடா, பக்காண்ட், லெவியத்தான், ஸ்விஃப்ட்ஷுர் ஆகிய கப்பல்களுக்குத் தலைமை ஏற்றார். போர்ட்ஸ்மவுத் கடற்படை முகாமின் பொறுப்பிலும் இருந்தார். 1910 ஆகஸ்டில் ரியர் அட்மிரல் ஆனார்.

டெல்லி கப்பல் மீட்பு

1911 திசம்பரில் இந்தியாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பி அண்ட் ஓ நிறுவனத்தின் பயணிகள் கப்பலான டெல்லி, மொரோக்கோவின் ஸ்பார்ட்டல் முனை அருகே புயலில் தரைதட்டியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உடன்பிறந்தாளான இளவரசி லூயிஸ், அவர் கணவர் ஃபைஃப் பிரபு, அவர்களின் இரு மகள்கள் ஆகியோர் அதில் இருந்தனர். கிராடக் தலைமையில் படகுகள் கடும் அலைகளுக்கிடையே பயணிகளைக் கரைசேர்த்தன. மீட்பில் உதவ வந்த பிரெஞ்சு மாலுமிகள் மூவர் உயிரிழந்தனர். அன்று நனைந்து குளிரில் துன்புற்ற ஃபைஃப் பிரபு அடுத்த மாதம் எகிப்தில் காலமானார். இம்மீட்புக்காக கிராடக்கிற்கு 'சர்' பட்டமும், கடலில் உயிர் காத்தவர்களுக்கான வெள்ளிப் பதக்கமும் வழங்கப்பட்டன.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கப்பலில் எப்போதும் ஒரு நாயை உடன் வைத்திருந்தார். நரி வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தோ, கடற்சண்டையிலோ இறப்பதே தமக்கு விருப்பம் என்று அவர் சொல்லி வந்ததாக அறிந்தோர் பதிந்துள்ளனர்.

மேற்கிந்தியத் தீவுகளும் மெக்சிக்கோவும்

1913 பிப்ரவரியில் வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய பகுதிகளுக்குரிய நான்காம் குரூசர் பிரிவின் தலைமை கிராடக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மெக்சிக்கோவில் அப்போது புரட்சி நடந்துகொண்டிருந்தது. பிரித்தானியக் குடிமக்களையும் எண்ணெய்த் தொழில் நலன்களையும் காக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. 1914 இல் டாம்பிக்கோ, வெராகுரூஸ் ஆகிய துறைமுகங்களில் ஏதிலிகளை மீட்பதில் ஈடுபட்டார். பதவியிழந்த மெக்சிக்க ஆட்சியாளர் உவெர்ட்டா 1914 சூலையில் செருமானியக் குரூசரான டிரெஸ்டனில் ஏறி ஜமேக்காவுக்குத் தப்பிச் சென்றார். அதே டிரெஸ்டனை மூன்றே மாதங்களில் கிராடக் எதிரியாகத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

போர் தொடங்கிய இரண்டாம் நாளான ஆகஸ்ட் 6 அன்று, சஃபோக் என்ற தம் கப்பலில் பகாமாஸ் தீவுகளுக்கு அப்பால் சென்றுகொண்டிருந்த கிராடக், செருமானியக் குரூசரான கார்ல்ஸ்ரூ ஒரு பயணிகள் கப்பலுக்கு நடுக்கடலில் பீரங்கிகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். வேகத்தில் மிக்க கார்ல்ஸ்ரூ தப்பிவிட்டது. பின்னர் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குச் சென்ற கிராடக், அங்கு வந்து சேர்ந்த குட் ஹோப்பைத் தம் கொடிக்கப்பலாக ஏற்றார். கனடிய அரச கடற்படைக் கல்லூரியின் முதல் அணியைச் சேர்ந்த நான்கு இளம் மிட்ஷிப்மன்கள் அங்கு அக்கப்பலில் சேர்ந்தனர்.

செருமானியக் கிழக்காசியக் கப்பற்பிரிவு

போருக்கு முன் செருமனிக்குச் சீனாவில் சிங்தாவ் என்ற கடற்படைத் தளம் இருந்தது. அதைச் சார்ந்த கிழக்காசியக் கப்பற்பிரிவுக்கு வைஸ் அட்மிரல் மாக்சிமிலியன் வான் ஸ்பீ தலைமை தாங்கினார். ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசெனாவ் என்ற இரு கவசக் குரூசர்களே அதன் முதுகெலும்பு. செருமானியக் கடற்படையில் குறி தவறாது சுடுவதற்கான பரிசை வென்ற கப்பல்கள் அவை. மாலுமிகள் நீண்டகாலம் ஒன்றாகப் பயின்றவர்கள்.

ஜப்பானும் செருமனிக்கு எதிராகப் போரில் இறங்கப்போவது தெளிவானவுடன் சிங்தாவ் திரும்புவது வான் ஸ்பீக்கு இயலாததாயிற்று. பசிபிக் பெருங்கடலைக் கடந்து தென் அமெரிக்காவை அடைய முடிவு செய்தார். அதற்கு முன் ஆகஸ்ட் நடுவில், மரியானா தீவுகளிலுள்ள பாகான் என்ற இடத்திலிருந்து ஒரு சிறு குரூசரை மட்டும் பிரித்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார். அதுவே தமிழர் நன்கறிந்த எம்டன். செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்த அதே நாளில், வான் ஸ்பீயின் பெரிய கப்பல்கள் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் பிரெஞ்சு டஹிட்டியின் தலைநகரான பப்பீட் மீது குண்டு வீசின. சென்னை மக்கள் நகரை விட்டு ஓடியதும், துணிச்சலும் தந்திரமும் மிக்கவரை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு தமிழில் தோன்றியதும் இக்கப்பலால்தான். கிராடக் எதிர்கொண்டது எம்டனின் தாய்ப்படையை.

மாறி மாறி வந்த கட்டளைகள்

பிரித்தானியக் கடற்படையின் தலைமையகமான அட்மிரால்டிக்கு அப்போது அமைச்சர் என்ற முறையில் வின்ஸ்டன் சர்ச்சில் பொறுப்பு வகித்தார். உலகின் எல்லாக் கடல்களிலும் உள்ள கப்பல்களை இலண்டனிலிருந்தே தந்தி மூலம் நகர்த்தும் முறை அப்போதுதான் முதன்முதலாகப் பெரிய அளவில் கையாளப்பட்டது. ஆனால் தென் அட்லாண்டிக்கில் இருந்த கிராடக்கிற்குச் செய்திகள் உருகுவேயின் மொண்டவீடியோவுக்குக் கம்பித் தந்தியாக வந்து, அங்கிருந்து கம்பியில்லாத் தந்தி மூலமோ கப்பல் மூலமோ சென்றடைய வேண்டும். ஒரு கேள்விக்கு விடை கிடைக்கச் சில நாட்கள் ஆயின. அதற்குள் நிலைமை மாறிவிடும். பின்னர் நேர்ந்த குழப்பத்துக்கு இத்தாமதம் ஒரு முக்கியக் காரணம்.

செப்டம்பர் 14 அன்று வந்த கட்டளை தெளிவாக இருந்தது. ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசெனாவ் ஆகியவற்றை எதிர்கொள்ளப் போதுமான படையைத் திரட்டுக. போக்லாந்து தீவுகளை நிலக்கரித் தளமாகக் கொள்க. நடுநிலக் கடலிலிருந்து டிபென்ஸ் என்ற கவசக் குரூசர் வந்து சேரும். அதுவரை கனோபஸ் என்ற போர்க்கப்பலைக் கொடிக்கப்பலுடன் வைத்துக்கொள்க. மேலான வலிமை கிடைத்தவுடன் எதிரியைத் தேடி அழிக்க என்பது அதன் சாரம். டிபென்ஸ் ஷார்ன்ஹோர்ஸ்டுக்கு ஈடுகொடுக்கக்கூடிய புதிய கப்பல். அது வந்திருந்தால் கிராடக்கின் நிலை முற்றிலும் வேறாக இருந்திருக்கும்.

இரண்டே நாட்களில் அட்மிரால்டி மனம் மாறியது. வான் ஸ்பீ சமோவாவின் அப்பியா துறைமுகத்தில் தோன்றி வடமேற்கே திரும்பிச் சென்றதாகச் செய்தி வந்தது. அவர் தென் அமெரிக்காவை விட்டு விலகிச் செல்கிறார் என்று இலண்டனில் முடிவு கட்டினர். உண்மையில் அது ஏமாற்றுத் திருப்பம். கண்ணுக்கு மறைந்தவுடன் அவர் மீண்டும் கிழக்கே திரும்பினார். கப்பல்களை ஒன்றுதிரட்டத் தேவையில்லை என்று கிராடக்கிற்கு அறிவிக்கப்பட்டது. டிபென்சுக்கான கட்டளையும் நீக்கப்பட்டது. ஆனால் டிபென்ஸ் வரப்போவதில்லை என்பதை எவரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் இடைமறிக்கப்பட்ட ஒரு கம்பியில்லாத் தந்தி மூலம், செருமானியக் கப்பல்கள் ஈஸ்டர் தீவை நோக்கி வருவது தெரியவந்தது. எதிரியைச் சந்திக்க ஆயத்தமாக இருக்கும்படியும், கனோபஸ் மற்ற கப்பல்களுடன் செல்ல வேண்டும் என்றும், தேடுதலையும் வணிகப் பாதுகாப்பையும் ஒருங்கே செய்யும்படியும் கட்டளை வந்தது. 'தேடுக' என்பதைக் கிராடக் தேடிச் சென்று தாக்குக என்று புரிந்துகொண்டார். கனோபசை விட்டு விலகாமல் தேடுக என்பதே தங்கள் கருத்து என அட்மிரால்டி பின்னாளில் கூறியது. எதிரி அவரைத் தவிர்த்து அட்லாண்டிக்கினுள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, இரு கரைகளிலும் தனித்தனியே போதிய வலிமையுள்ள படைகள் தேவை என்றும் டிபென்ஸ் தம்முடன் சேருமா என்றும் கிராடக் கேட்டார். இரு படைகள் என்ற கருத்து ஏற்கப்பட்டது. ஆனால் டிபென்ஸ், ரியர் அட்மிரல் ஸ்டோடார்ட்டின் தலைமையில் கிழக்குக் கரையில் அமைக்கப்பட்ட இரண்டாம் பிரிவுக்கே ஒதுக்கப்பட்டது.

கனோபஸ்

கிராடக்கிற்குக் கிடைத்த வலிமை கனோபஸ் மட்டுமே. 1897 இல் நீரிலிறக்கப்பட்ட அக்கப்பலில் நான்கு 12 அங்குலப் பீரங்கிகள் இருந்தன. சர்ச்சில் பிற்காலத்தில் தம் போர் வரலாற்று நூலில் அதனை மற்றக் குரூசர்கள் அடைக்கலம் புகத்தக்க கோட்டையாக வருணித்தார். கடற்படை வல்லுநர்கள் பலர் இக்கருத்தை ஏற்கவில்லை. அதன் பீரங்கிகள் பழைய வகை. சுடும் தொலைவு செருமானியரின் 8.2 அங்குலப் பீரங்கிகளைவிடப் பெரிதாக அதிகமில்லை. மாலுமிகள் பெரும்பாலும் ஓய்விலிருந்து அழைக்கப்பட்ட சேமப்படையினர்.

அது அக்டோபர் 22 அளவில் போக்லாந்தின் ஸ்டான்லி துறைமுகத்தை அடைந்தபோது, இயந்திரங்கள் பழுதுற்றிருப்பதாகவும் மணிக்கு 12 கடல் மைலுக்கு மேல் செல்ல இயலாது என்றும் தெரிவிக்கப்பட்டது. செருமானியக் குரூசர்கள் 20 கடல் மைலுக்கு மேல் செல்லக்கூடியவை. தலைமைப் பொறியாளர் உளநலம் குன்றியிருந்தார் என்பதும், கனோபஸ் உண்மையில் 16 கடல் மைல் வேகம் செல்லக்கூடியது என்பதும் கிராடக் புறப்பட்ட பின்னரே வெளிப்பட்டன. அச்செய்தி அவருக்கு எட்டவில்லை.

12 கடல் மைல் வேகத்தில் எதிரியைத் தேடிப் பிடிக்க இயலாது என்று முடிவு செய்த கிராடக், கனோபசை நிலக்கரிக் கப்பல்களுடன் பின்தொடரச் செய்துவிட்டுக் குட் ஹோப்பில் முன்னே சென்றார். அக்டோபர் 26 அன்று இதனை அட்மிரால்டிக்குத் தெரிவித்து, டிபென்சைத் தம்முடன் சேரக் கட்டளையிட்டிருப்பதாகவும் கூறினார். அவர் என்ன செய்ய எண்ணுகிறார் என்பது புரியவில்லை என்று சர்ச்சில் அத்தந்தியின் மீது குறிப்பெழுதினார். டிபென்ஸ் கிழக்குக் கரையிலேயே நிற்க வேண்டும் என்று மறுகட்டளை சென்றது. அவ்வாரத்தில்தான் கடற்படையின் தலைமைத் தளபதி பேட்டன்பெர்க் இளவரசர் லூயிஸ் தம் செருமானியப் பிறப்பு காரணமாக எழுந்த எதிர்ப்பால் பதவி விலகினார். அவருக்குப் பதிலாக வந்த ஃபிஷர் பிரபு நிலவரத்தைப் படித்தறிவதற்குள் காலம் கடந்துவிட்டது.

இக்கட்டளைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று ட்ரூபிரிட்ஜ் விவகாரம். கிராடக்கின் சக அட்மிரலான எர்னஸ்ட் ட்ரூபிரிட்ஜ் 1914 ஆகஸ்டில் நான்கு கவசக் குரூசர்களுடன் இருந்தபோது, செருமானியப் போர்க் குரூசர் கோபெனைத் தாக்காமல் திரும்பிவிட்டார். மேலான படையுடன் மோத வேண்டாம் என்ற கட்டளையை அவர் பின்பற்றினார் எனினும், விசாரணைக்கு அழைக்கப்பட்டுக் கடற்படை முழுவதும் இழிவாகப் பேசப்பட்டார். போக்லாந்தை விட்டுப் புறப்படுமுன் கிராடக் தம் நண்பர் அட்மிரல் மியூக்சுக்கு ஒரு கடிதம் எழுதி, தாம் இறந்தால் அனுப்பும்படி ஆளுநரிடம் ஒப்படைத்தார். ட்ரூபிரிட்ஜிற்கு நேர்ந்தது தமக்கு நேர விடப்போவதில்லை என்பது அதில் அவர் தெரிவித்த கருத்து. இராணுவ நீதிமன்றம் நவம்பரில் ட்ரூபிரிட்ஜைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அப்போது கிராடக் உயிருடன் இல்லை.

கொரோனல் சண்டை

அக்டோபர் 31 அன்று கிராடக்கின் இலகுரகக் குரூசரான கிளாஸ்கோ, செய்திகளைப் பெறுவதற்காகச் சிலியின் கொரோனல் துறைமுகத்தினுள் சென்றது. இதனை அறிந்த வான் ஸ்பீ தனித்த ஒரு கப்பலைப் பிடிக்கும் எண்ணத்துடன் தெற்கே வந்தார். கிராடக்கும் அதே எண்ணத்துடன் வடக்கே சென்றார். செருமானியர் தங்கள் கப்பல்கள் அனைத்திலிருந்தும் லைப்சிக் என்ற ஒரே கப்பலின் அழைப்புக் குறியில் தந்தியடித்து வந்ததால், லைப்சிக் மட்டுமே அருகில் இருப்பதாகப் பிரித்தானியர் எண்ணினர். இரு தரப்பினரும் ஒரு தனிக் கப்பலைத் தேடி வந்து முழுப் படையைச் சந்தித்தனர்.

நவம்பர் 1 அன்று மாலை நான்கரை மணியளவில் கிளாஸ்கோ எதிரியின் புகையைக் கண்டது. கனோபஸ் தெற்கே ஏறத்தாழ 250 கடல் மைல் தொலைவில் இருந்தது. கிராடக்கிடம் அப்போது இருந்தவை குட் ஹோப், மொன்மத், கிளாஸ்கோ, ஒட்ராண்டோ ஆகிய நான்கு. இவற்றுள் ஒட்ராண்டோ பீரங்கி பொருத்தப்பட்ட பயணிகள் கப்பல். கனரகப் பீரங்கிகள் என்று சொல்லத்தக்கவை குட் ஹோப்பிலிருந்த இரு 9.2 அங்குலப் பீரங்கிகள் மட்டுமே. மற்றவை பெரும்பாலும் 6 அங்குலமும் அதற்குக் குறைந்தவையும். ஷார்ன்ஹோர்ஸ்டிலும் நைசெனாவிலும் தலா எட்டு 8.2 அங்குலப் பீரங்கிகள் இருந்தன. குட் ஹோப், மொன்மத் ஆகியவற்றின் மாலுமிகளுள் பெரும்பகுதியினர் போர் தொடங்கியபின் அழைக்கப்பட்ட சேமப்படையினர்; போதிய சுடுபயிற்சி பெறாதவர்கள்.

அவ்வேளையில் திரும்பிச் செல்வது இயன்றிருக்கும் என்றே பலர் கருதுகின்றனர். இருட்ட இரண்டு மணி நேரமே இருந்தது. ஆனால் மெதுவாகச் செல்லும் ஒட்ராண்டோவைக் கைவிட வேண்டியிருந்திருக்கும். மேலும் ஒருமுறை கண்ட எதிரியைத் தவறவிட்டால் அடுத்து எந்தக் கடலில் தோன்றுவார் என்று சொல்ல முடியாது. கிராடக் தாக்க முடிவு செய்து, அதனைக் கனோபசுக்குத் தந்தி மூலம் தெரிவித்தார்.

கிராடக்கின் வரிசை மேற்கே கடற்புறத்திலும், செருமானிய வரிசை கிழக்கே கரைப்புறத்திலும் இருந்தன. கதிரவன் மறையும் வரை ஒளி செருமானியரின் கண்களில் அடித்தது. இந்த ஒரு வாய்ப்பைப் பயன்படுத்தக் கிராடக் நெருங்க முயன்றார். வான் ஸ்பீ விலகி விலகிச் சென்று தொலைவைக் குறையவிடாமல் பார்த்துக்கொண்டார். ஏழு மணிக்குச் சற்று முன் கதிரவன் மறைந்தவுடன் நிலை தலைகீழாயிற்று. பிரித்தானியக் கப்பல்கள் சிவந்த வானத்தின் முன் கரிய நிழலுருவங்களாகத் தெரிந்தன. செருமானியக் கப்பல்கள் கரையின் இருளில் கரைந்தன. எதிரியின் பீரங்கிகள் வெடிக்கும் ஒளியைத் தவிரப் பிரித்தானியருக்குக் குறிவைக்க வேறொன்றும் இல்லை.

7 மணி 4 நிமிடத்துக்கு வான் ஸ்பீ சுடத் தொடங்கினார். சில நிமிடங்களுக்குள் குட் ஹோப்பின் முன்புற 9.2 அங்குலப் பீரங்கி அழிந்தது. கடல் கொந்தளித்ததால் தாழ்ந்த தளத்திலிருந்த 6 அங்குலப் பீரங்கிகளுக்குள் நீர் புகுந்து அவை பயனற்றுப் போயின. கப்பல் வடிவமைப்பின் இக்குறை கடற்படையில் முன்பே அறியப்பட்டிருந்த ஒன்றுதான். தம் சிறு பீரங்கிகளாவது பயன்படட்டும் என்று கிராடக் எரியும் கப்பலை எதிரியை நோக்கி மேலும் நெருக்கினார். 7.50 மணியளவில் குட் ஹோப்பின் நடுவே பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. சற்று நேரத்தில் அது இருளில் மறைந்தது. மூழ்கியதை எவரும் காணவில்லை. முன்புறம் சிதைந்து நீர் புகுந்த மொன்மத், விலகிச் செல்ல முயன்றபோது நூரென்பெர்க் என்ற செருமானியக் குரூசரால் கண்டுபிடிக்கப்பட்டது. அது கொடியை இறக்கவில்லை. ஒன்பது மணிக்குப் பின்னர் அதுவும் மூழ்கடிக்கப்பட்டது.

இரு கப்பல்களிலிருந்தும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஏறத்தாழ 1,600 பேர் இறந்தனர். ஹாலிஃபாக்சில் சேர்ந்த நான்கு கனடிய மிட்ஷிப்மன்களும் இவர்களுள் அடங்குவர். முதலாம் உலகப் போரில் கனடியப் படைகள் இழந்த முதல் உயிர்கள் இவையே. செருமானியர் தரப்பில் மூவர் காயமடைந்தனர். கிளாஸ்கோவும் ஒட்ராண்டோவும் தப்பின. தெற்கே விரைந்த கிளாஸ்கோ கனோபசை எச்சரித்ததால் அதுவும் போக்லாந்துக்குத் திரும்பியது.

டிபென்ஸ் உடனே சென்று கிராடக்குடன் சேர வேண்டும் என்ற அட்மிரால்டியின் கட்டளை நவம்பர் 3 அன்று இலண்டனிலிருந்து அனுப்பப்பட்டது.

விளைவுகள்

செய்தி நவம்பர் 4 அன்று இலண்டனை எட்டியது. ஃபிஷர் பிரபு உடனடியாக இன்வின்சிபிள், இன்ஃப்ளெக்சிபிள் என்ற இரு போர்க் குரூசர்களை வட கடலிலிருந்து விடுவித்து அனுப்பினார். அவற்றுக்குத் தலைமை ஏற்றவர் வைஸ் அட்மிரல் ஸ்டர்டீ. அதுவரை அட்மிரால்டியில் போர்த்திட்டப் பிரிவின் தலைவராக இருந்து, கிராடக்கிற்குச் சென்ற கட்டளைகளில் பங்கு வகித்தவர் அவர்தான். தாம் உண்டாக்கிய குழப்பத்தைத் தாமே போய்ச் சரிசெய்யட்டும் என்ற எண்ணமும் ஃபிஷருக்கு இருந்ததாகச் சொல்வர்.

வான் ஸ்பீ வெற்றி பெற்றாலும் தம் பெரிய பீரங்கிகளுக்கான குண்டுகளில் பாதியளவைக் கொரோனலில் செலவழித்திருந்தார். அவற்றை ஈடுசெய்ய அவருக்குத் துறைமுகம் எதுவும் இல்லை. திசம்பர் 8 அன்று அவர் போக்லாந்தைத் தாக்க வந்தபோது ஸ்டர்டீயின் கப்பல்கள் அங்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தன. அன்றைய முதல் குண்டுகளைச் சுட்டது, துறைமுகச் சேற்றில் காவல் பீரங்கியாக நிறுத்தப்பட்டிருந்த கனோபஸ். ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசெனாவ், நூரென்பெர்க், லைப்சிக் ஆகிய நான்கும் மூழ்கின. வான் ஸ்பீயும் அவருடைய இரு மகன்களும் உட்பட 1,800க்கும் மேற்பட்ட செருமானியர் இறந்தனர். தப்பிய டிரெஸ்டன் 1915 மார்ச்சில் சிலிக்குச் சொந்தமான உவான் பெர்னாண்டஸ் தீவுகளில் அகப்பட்டது. அதனைப் பிடித்த கப்பல்களுள் கிளாஸ்கோவும் ஒன்று. ஷார்ன்ஹோர்ஸ்டின் சிதைவு 2019 இல் போக்லாந்துக்கு அப்பால் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது.

மதிப்பீடு

கனோபசை விட்டுப் பிரிந்தது கிராடக்கின் பிழை என்பது சர்ச்சிலின் வாதம். கிராடக்கை நன்கறிந்த கடற்படையினர் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். போதிய கப்பல்களைத் தராமல் தேடி அழிக்கும் கட்டளையை மட்டும் தந்தது அட்மிரால்டி என்பது அவர்களது வாதம். சர்ச்சிலுக்குப் பின் அமைச்சரான ஆர்தர் பால்ஃபோர் இன்னொரு விளக்கம் தந்தார். வெல்ல முடியாது என்று தெரிந்தே, பழுதுபார்க்கத் துறைமுகமில்லாத எதிரிக்குச் சேதம் விளைவிக்கவே கிராடக் தம் படையைப் பலியிட்டிருக்கலாம் என்றார் அவர்.

தந்திகளை வரிசைப்படுத்திப் படித்தால் இரு தரப்பிலும் பிழை உண்டு என்பது தெளிவாகும். டிபென்ஸ் பற்றிய கட்டளை மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டது அட்மிரால்டியின் மன்னிக்க இயலாத பிழை. தம் படை போதாது என்பதை நேரடியாகச் சொல்லாமல் குறிப்பாகவே உணர்த்த முயன்றது கிராடக்கின் குறை. அக்காலக் கடற்படை அலுவலர்க்கு 'என்னால் இயலாது' என்று எழுதுவது எளிதாக இருக்கவில்லை. ட்ரூபிரிட்ஜிற்கு நேர்ந்தது அதனை மேலும் கடினமாக்கியது. சேதம் விளைவிப்பதே நோக்கம் என்ற பால்ஃபோரின் விளக்கத்துக்குச் சான்று குறைவு. செருமானியக் கப்பல்களைத் தாக்கிய ஆறு குண்டுகளும் பெரிய தீங்கு எதனையும் செய்யவில்லை. எனினும் கிராடக்கை அழிக்கச் செலவான குண்டுகள் போக்லாந்தில் வான் ஸ்பீயிடம் இல்லை என்பதும் உண்மை.

நினைவுச் சின்னங்கள்

யார்க் பேராலயத்தில் கிராடக்கிற்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தை 1916 சூன் 16 அன்று பால்ஃபோர் திறந்து வைத்தார். அதனைச் செதுக்கியவர் சிற்பி பொமராய். சிலியின் கொரோனல் நகரச் சதுக்கத்திலும் சண்டையில் இறந்த பிரித்தானிய மாலுமிகளுக்கு நினைவுச் சின்னம் உள்ளது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள போர்ட்ஸ்மவுத் நகரில், கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக 1918 இல் அமைக்கப்பட்ட குடியிருப்புப் பகுதிக்குக் கிராடக் என்று அவர் பெயரே சூட்டப்பட்டது.